நிலையான பொருத்தம்: கல்லூரி இடங்களை ஒதுக்கும் கணிதம்

நிலையான பொருத்தம் என்பது, இரு தரப்பினரின் விருப்பங்களையும் கணக்கில் கொண்டு ஒரு தரப்பினரை மற்றத் தரப்பினருடன் இணைக்கும் முறைகளை ஆராயும் கணிதப் பிரிவாகும். மாணவர்களுக்குக் கல்லூரி இடம் ஒதுக்குதல், பயிற்சி மருத்துவர்களை மருத்துவமனைகளுக்கு அனுப்புதல், குழந்தைகளைப் பள்ளிகளில் சேர்த்தல் ஆகியவை இதன் முக்கியப் பயன்பாடுகள். 1962ஆம் ஆண்டில் ஒரு சிறிய கணிதக் கட்டுரையாகத் தொடங்கிய இத்துறை, இன்று கணிதம், பொருளியல், மேலாண்மை, கணினிப் பொறியியல், கல்வியியல் ஆகிய துறைகளின் ஆய்வாளர்கள் சேர்ந்து பணியாற்றும் களமாக வளர்ந்துள்ளது. இந்தியாவில் ஐஐடி, என்ஐடி போன்ற நிறுவனங்களில் இளநிலை இடங்கள் ஒதுக்கப்படுவதும் இந்தக் கணிதத்தின் அடிப்படையில்தான்.

இத்துறை எழுப்பும் மையக் கேள்வி எளிமையானது. விருப்பப் பட்டியலில் ஒரு மாணவர் தாம் உண்மையாக விரும்பும் கல்லூரியை முதலில் எழுதலாமா, அல்லது கிடைக்கக்கூடிய கல்லூரியை முதலில் எழுதித் தப்பித்துக்கொள்ள வேண்டுமா? இதற்கான பதில் மாணவரின் துணிச்சலைப் பொறுத்தது அன்று. இடத்தை ஒதுக்கும் விதியைப் பொறுத்தது. சில விதிகள் உண்மையாக எழுதியவரைத் தண்டிக்கின்றன. சில விதிகளில் உண்மையே பாதுகாப்பான வழியாகிறது.

சிக்கலின் தன்மை

பெரும்பாலான பொருள்களைச் சந்தையில் விலை பங்கிடுகிறது. கல்லூரி இடம், அரசுப் பள்ளி இடம், மருத்துவப் பயிற்சி இடம் போன்றவற்றை விலைக்கு விட முடியாது. விடுவது நியாயமும் ஆகாது. ஆகவே யாருக்கு எந்த இடம் என்பதை ஒரு விதி முடிவு செய்ய வேண்டும்.

அந்த விதிக்கு இரண்டு தகவல்கள் கிடைக்கின்றன. ஒன்று, ஒவ்வொரு மாணவரும் தரும் விருப்ப வரிசை. மற்றொன்று, ஒவ்வொரு கல்லூரிக்கும் உரிய தரவரிசை. தரவரிசை நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணாகவோ, வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தொலைவாகவோ, இட ஒதுக்கீட்டுப் பிரிவாகவோ இருக்கலாம். ஒரே மாணவர் ஒரு கல்லூரியின் வரிசையில் முன்னணியிலும் வேறொரு கல்லூரியின் வரிசையில் பின்னாலும் இருக்க முடியும். ஐஐடி நிறுவனங்கள் ஜேஇஇ அட்வான்ஸ்டு தரவரிசையையும், என்ஐடி நிறுவனங்கள் ஜேஇஇ மெயின் தரவரிசையையும் பின்பற்றுவது இதற்கு எடுத்துக்காட்டு.

ஒதுக்கீடு முடிந்த பிறகு ஒரு மாணவர், தமக்குக் கிடைத்த கல்லூரியைவிட வேறொரு கல்லூரியை அதிகம் விரும்புகிறார் என்று கொள்வோம். அந்தக் கல்லூரியில் இடம் பெற்ற ஒருவர் தரவரிசையில் இவருக்குப் பின்னால் இருப்பவர் என்றால், இவருடைய மனக்குறை நியாயமானது. இத்தகைய மாணவரும் கல்லூரியும் சேர்ந்து ‘முரண் இணை’ எனப்படுவர். முரண் இணை ஒன்றுகூட இல்லாத ஒதுக்கீடே நிலையான பொருத்தம். அதில், விரும்பிய இடம் கிடைக்காத ஒவ்வொருவரிடமும், “அந்த இடத்தைப் பெற்றவர்கள் அனைவரும் அங்கே உங்களைவிடத் தரவரிசையில் முன்னால் இருக்கிறார்கள்” என்று காரணம் காட்ட முடியும்.

கேல்–ஷேப்லி வழிமுறை

நிலையான பொருத்தம் எப்போதும் கிடைக்குமா என்ற கேள்விக்கு, டேவிட் கேல், லாயிட் ஷேப்லி ஆகிய அமெரிக்கக் கணிதவியலாளர்கள் 1962ஆம் ஆண்டில் ‘அமெரிக்கன் மேத்தமேட்டிக்கல் மன்த்லி’ இதழில் விடையளித்தனர். கல்லூரிச் சேர்க்கையையும் திருமணத்தையும் எடுத்துக்காட்டுகளாகக் கொண்ட அக்கட்டுரை ஏழு பக்கங்களே கொண்டது. அதன் முதன்மை நிறுவலைப் படிக்க வகை நுண்கணிதமோ சிக்கலான சமன்பாடுகளோ தேவையில்லை.

அவர்கள் தந்த வழிமுறை ‘தள்ளிவைத்த ஏற்பு’ எனப்படுகிறது. அதன் படிகள் பின்வருமாறு:

1. ஒவ்வொரு மாணவரும் தம் பட்டியலில் உள்ள முதல் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறார்.
2. ஒவ்வொரு கல்லூரியும் தன்னிடம் வந்தவர்களைத் தரவரிசைப்படி ஒப்பிட்டு, இடங்கள் உள்ள அளவுக்குத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கிறது. மற்றவர்களை மறுக்கிறது.
3. மறுக்கப்பட்டவர்கள் தத்தம் பட்டியலில் அடுத்த கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறார்கள்.
4. கல்லூரி, புதிதாக வந்தவர்களையும் ஏற்கெனவே நிறுத்தி வைத்தவர்களையும் சேர்த்து மீண்டும் ஒப்பிடுகிறது. முன்பே வந்தார் என்பதற்காக யாருக்கும் சலுகை இல்லை.
5. மறுப்புகள் நிற்கும் வரை இது தொடர்கிறது. அதன் பிறகே தற்காலிக இடங்கள் உறுதியாகின்றன.

எந்த மாணவரும் ஒரே கல்லூரிக்கு இரண்டு முறை விண்ணப்பிப்பதில்லை. ஆகவே இவ்வழிமுறை கட்டாயம் ஒரு கட்டத்தில் முடிந்துவிடும். முடிவில் முரண் இணை இருக்காது என்பதையும் எளிதில் காட்டலாம். ஒரு மாணவர் தமக்குக் கிடைத்ததைவிட அதிகம் விரும்பிய கல்லூரி ஏதும் இருந்தால், அங்கே அவர் முன்னரே விண்ணப்பித்து மறுக்கப்பட்டிருப்பார். மறுக்கப்பட்ட வேளையில் அந்தக் கல்லூரியின் இடங்கள் அவரைவிட முன்னிலையில் இருந்தவர்களால் நிரம்பியிருந்தன. அதன்பின் அக்கல்லூரி நிறுத்தி வைப்பவர்களின் தரவரிசை உயர முடியுமே தவிரத் தாழாது.

மாணவர்கள் விண்ணப்பிக்கும் தரப்பாக இருக்கும்போது கிடைக்கும் முடிவு, எல்லா நிலையான பொருத்தங்களிலும் மாணவர் ஒவ்வொருவருக்கும் மிகச் சிறந்தது என்றும் கேலும் ஷேப்லியும் நிறுவினர்.

ஓர் எடுத்துக்காட்டு

மலர், நவீன், ராணி என மூன்று மாணவர்களும் க, ச, த என மூன்று கல்லூரிகளும் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு கல்லூரியிலும் ஓர் இடமே உண்டு.

மாணவர் விருப்பம்:
மலர்: க, ச, த
நவீன்: க, ச, த
ராணி: ச, க, த

கல்லூரித் தரவரிசை:
க: நவீன், மலர், ராணி
ச: மலர், ராணி, நவீன்
த: ராணி, நவீன், மலர்

முதலில் ‘உடனடி ஏற்பு’ என்ற பழைய விதியைப் பார்க்கலாம். இதில் முதல் விருப்பமாக எழுதியவர்களுக்கு இடங்கள் அப்போதே உறுதி செய்யப்படும். மீதமுள்ள இடங்களே இரண்டாம் விருப்பத்துக்கு வரும். முதல் சுற்றில் க கல்லூரி நவீனை ஏற்கிறது. ச கல்லூரி ராணியை ஏற்கிறது. மறுக்கப்பட்ட மலர் இரண்டாம் விருப்பமான ச கல்லூரிக்குச் செல்கிறார். அங்கே தரவரிசையில் முதலாவதாக இருப்பவர் அவரே. ஆனாலும் இடம் நிரம்பிவிட்டதால், கடைசி விருப்பமான த கல்லூரியே அவருக்குக் கிடைக்கிறது. ச கல்லூரியை முதலில் எழுதியிருந்தால் அது உறுதியாகக் கிடைத்திருக்கும். உண்மையை எழுதியதே மலருக்கு இழப்பாக முடிந்தது.

இப்போது தள்ளிவைத்த ஏற்பைப் பார்க்கலாம். முதல் சுற்றில் க கல்லூரி நவீனை நிறுத்தி வைத்து மலரை மறுக்கிறது. ச கல்லூரி ராணியை நிறுத்தி வைக்கிறது. இரண்டாம் சுற்றில் மலர் ச கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறார். ராணியைவிட மலர் முன்னிலையில் இருப்பதால், மலரை வைத்துக்கொண்டு ராணியை அது விடுவிக்கிறது. மூன்றாம் சுற்றில் ராணி க கல்லூரிக்கு விண்ணப்பித்து மறுக்கப்படுகிறார். நான்காம் சுற்றில் த கல்லூரி அவரை ஏற்கிறது. முடிவில் நவீனுக்கு க, மலருக்கு ச, ராணிக்கு த. ராணிக்கு வருத்தம் இருக்கலாம். ஆனால் அவர் விரும்பிய இரண்டு கல்லூரிகளிலும் தரவரிசையில் அவரைவிட முன்னால் இருப்பவர்களே இடம் பெற்றுள்ளனர்.

உண்மை ஏன் பாதுகாப்பானது

இரு விதிகளுக்கும் உள்ள வேறுபாடு ஒரே இடத்தில்தான் இருக்கிறது. உடனடி ஏற்பில், எட்டாத கல்லூரியை முதலில் எழுதினால் அடுத்த கல்லூரியில் இருந்த முன்னுரிமையும் கைவிட்டுப் போகிறது. தள்ளிவைத்த ஏற்பில் அப்படி எதுவும் போவதில்லை. மேலே உள்ள கல்லூரி மறுத்தால், அடுத்த கல்லூரியின் வாசலில் அந்த மாணவர் அதே தரவரிசையுடன் நிற்கிறார். ஒரு கல்லூரியைத் தம் பட்டியலில் எத்தனையாவது இடத்தில் எழுதினார் என்பது, அந்தக் கல்லூரி அவரை ஒப்பிடும்போது கணக்கில் வருவதே இல்லை.

விண்ணப்பிக்கும் தரப்பில் உள்ள யாரும் விருப்பத்தை மாற்றி எழுதிப் பயன்பெற முடியாது என்பதை, 1980களின் தொடக்கத்தில் லெஸ்டர் டூபின்ஸ், டேவிட் ஃப்ரீட்மன் ஆகியோரும், தனியாக ஆல்வின் ராத்தும் நிறுவினர். அதே சமயம், இரு தரப்பினருக்குமே உண்மை பாதுகாப்பாக இருக்கும் நிலையான முறை எதுவும் இருக்க முடியாது என்பதையும் ராத் 1982ஆம் ஆண்டில் காட்டினார். ஆகவே, எந்தத் தரப்பு விண்ணப்பிக்கும் தரப்பாக அமைகிறது என்பது ஒரு கொள்கை முடிவாகிறது.

மருத்துவமனைகளிலிருந்து கிடைத்த பாடம்

அமெரிக்காவில் 1940களில், பயிற்சி மருத்துவர்களைப் பிடிக்க மருத்துவமனைகள் ஒன்றையொன்று முந்தின. படிப்பு முடிய இரண்டு ஆண்டுகள் இருக்கும்போதே இடம் தரப்பட்டது. சில மணி நேரத்தில் பதில் சொல்லுமாறு மாணவர்கள் நெருக்கப்பட்டனர். இதை ஒழுங்குபடுத்த 1952ஆம் ஆண்டு முதல் தேசிய அளவில் ஒரே மையத்தின் வழியாக இடங்கள் ஒதுக்கப்பட்டன. அந்த மையத்தின் முறை, கேலும் ஷேப்லியும் பின்னர் எழுதிய வழிமுறைக்கு, மருத்துவமனைகள் விண்ணப்பிக்கும் வடிவில், ஈடானது என்பதை 1984ஆம் ஆண்டில் ராத் காட்டினார். கணிதவியலாளர்கள் தாளில் கண்டதை நடைமுறை அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே கண்டிருந்தது.

பிரிட்டனில் வெவ்வேறு வட்டாரங்கள் வெவ்வேறு முறைகளைக் கையாண்டதையும் ராத் ஒப்பிட்டார். எடின்பரோ, கார்டிஃப் ஆகிய இடங்களின் நிலையான முறைகள் நீடித்தன. நியூகாசில், பர்மிங்காம் போன்ற இடங்களின் நிலையற்ற முறைகள் கைவிடப்பட்டன. முரண் இணைகள் இருக்கும் இடத்தில் மருத்துவர்களும் மருத்துவமனைகளும் முறைக்கு வெளியே தமக்குள் ஒப்பந்தம் செய்துகொள்வதே இதற்குக் காரணம்.

1990களில் அமெரிக்க முறையை ராத்தும் எலியட் பெரான்சனும் மாற்றி அமைத்தனர். 1998 முதல் மருத்துவர்கள் விண்ணப்பிக்கும் தரப்பாக அது இயங்குகிறது. ஒரே ஊரில் பணியிடம் தேடும் மருத்துவத் தம்பதியர் சேரும்போது நிலையான பொருத்தம் இல்லாமலே போகலாம் என்பது அப்போது எழுந்த சிக்கல்களுள் ஒன்று. தம்பதியரின் எண்ணிக்கை குறைவாக உள்ள பெரிய சந்தைகளில் அது பெரும்பாலும் கிடைத்துவிடும் என்பதைப் பிற்கால ஆய்வுகள் விளக்கின.

கிராமப்புற மருத்துவமனைகள் பற்றிய தேற்றம் இத்துறையின் கசப்பான முடிவுகளுள் ஒன்று. ஒரு நிலையான பொருத்தத்தில் சில இடங்களை நிரப்ப முடியாமல் போகும் மருத்துவமனை, வேறு எந்த நிலையான பொருத்தத்திலும் அதே மருத்துவர்களையே பெறும். அதாவது, வழிமுறையை மாற்றிக் கிராமத்துக்கு மருத்துவரைக் கொண்டு வர முடியாது. அதற்கு ஊதியம், வசதி, விருப்பம் ஆகியவை மாற வேண்டும்.

பள்ளிச் சேர்க்கை: பாஸ்டனும் நியூயார்க்கும்

2003ஆம் ஆண்டில் அட்டிலா அப்துல்காதிரோலு, தைஃபூன் சொன்மெஸ் ஆகியோர் பள்ளிச் சேர்க்கையை இக்கணிதத்தின் பார்வையில் ஆராய்ந்தனர். அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் உடனடி ஏற்பைப் பின்பற்றுவதை அவர்கள் சுட்டினர். விதியின் ஓட்டையை அறிந்த பெற்றோர் குழு ஒன்று கூட்டம் நடத்தி, எந்தப் பள்ளியை முதலில் எழுதினால் வாய்ப்பு உண்டு என்று தம் உறுப்பினர்களுக்கு ஆலோசனை கூறிவந்தது. அத்தகைய தொடர்பு இல்லாத குடும்பங்கள் உண்மையை எழுதி, மேலே கண்ட மலரைப் போல இழந்தன. 2005ஆம் ஆண்டில் பாஸ்டன் பள்ளிக் குழு தள்ளிவைத்த ஏற்புக்கு மாறியது. தந்திரம் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் ஒரே களம் அமைய வேண்டும் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட முதன்மைக் காரணம். இங்கிலாந்தில் முதல் விருப்பத்துக்கு முன்னுரிமை தரும் பள்ளிச் சேர்க்கை முறைகள் 2007ஆம் ஆண்டின் சேர்க்கை விதித் தொகுப்பால் தடை செய்யப்பட்டன.

நியூயார்க் நகரத்தில் ஆண்டுக்கு 90,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் உயர்நிலைப் பள்ளிக்கு விண்ணப்பித்தனர். பழைய முறையில் சுமார் 30,000 பேர், தாம் எழுதாத பள்ளி ஒன்றுக்கு நிர்வாகத்தால் அனுப்பப்பட்டனர். புதிய முறை வந்த முதல் ஆண்டில் அந்த எண்ணிக்கை சுமார் 3,000 ஆகக் குறைந்தது.

கோட்பாட்டுக்கும் நடைமுறை வடிவமைப்புக்குமாக 2012ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசு ராத்துக்கும் ஷேப்லிக்கும் வழங்கப்பட்டது. கேல் 2008ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார்.

இந்தியப் பொறியியல் சேர்க்கை

2015க்கு முன் ஐஐடி நிறுவனங்களும் என்ஐடி உள்ளிட்ட பிற நிறுவனங்களும் தனித்தனியே இடம் ஒதுக்கின. இரு பக்கமும் இடம் பெற்றவர் ஒன்றைக் கைவிடும்போது, அந்த இடம் காலியாகவே கிடந்தது அல்லது காலம் கடந்து நிரம்பியது. ஓர் ஐஐடி இடம் காலியாக இருப்பது, அதற்கு அடுத்த நிலையில் காத்திருந்த மாணவர் ஒருவர் இழந்த வாய்ப்பாகும்.

2015ஆம் ஆண்டில் இவற்றை ஒன்றிணைத்து ‘ஜோசா’ எனப்படும் கூட்டு இட ஒதுக்கீடு தொடங்கியது. 80க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் 500க்கும் மேற்பட்ட பாடப்பிரிவுகளைக் கொண்ட இம்முறையின் வடிவமைப்பைச் சுரேந்தர் பஸ்வானா, பார்த்த பிரதிம் சக்ரவர்த்தி, சரத் சந்திரன், யஷ் கனோரியா, உத்கர்ஷ் படங்கே ஆகியோர் 2019ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வுக் கட்டுரையில் விளக்கினர். அடிப்படை, தள்ளிவைத்த ஏற்பே. ஆனால் பாடநூலில் உள்ள வடிவம் அப்படியே இந்தியாவுக்குப் பொருந்தவில்லை. இட ஒதுக்கீட்டுப் பிரிவுகள், சொந்த மாநில இடங்கள், பல பாடப்பிரிவுகளுக்குப் பொதுவான தனி ஒதுக்கீடுகள் என அடுக்கடுக்கான விதிகளை அதில் சேர்க்க வேண்டியிருந்தது. நிரம்பாத சில ஒதுக்கீட்டு இடங்களை மற்றவர்களுக்குத் திறந்துவிடுவதற்கு, இட எண்ணிக்கையைத் திருத்தி வழிமுறையை மீண்டும் இயக்கும் உத்தி பின்பற்றப்பட்டது. புதிய முறையால் காலியிடங்கள் குறிப்பிடத்தக்க அளவு குறைந்ததாக அந்த ஆய்வு காட்டுகிறது.

இடம் பெற்றவருக்கு மூன்று தெரிவுகள் உண்டு. ‘ஃப்ரீஸ்’ என்றால் கிடைத்ததே போதும் என்று உறுதி செய்தல். ‘ஸ்லைடு’ என்றால் அதே நிறுவனத்தில் பட்டியலில் மேலே உள்ள பாடப்பிரிவுக்குக் காத்திருத்தல். ‘ஃப்ளோட்’ என்றால் எந்த நிறுவனமாயினும் மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருத்தல்.

இட ஒதுக்கீட்டின் கணிதம் நீதிமன்றங்களோடும் தொடர்புடையது. சாதிப் பிரிவு ஒதுக்கீட்டுக்குள் மகளிர், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்கான ஒதுக்கீடும் சேரும்போது, பழைய கணக்கீட்டு முறை நியாயமற்ற முடிவுகளைத் தரக்கூடும் என்று சொன்மெஸ், புமின் யென்மெஸ் ஆகியோர் 2019ஆம் ஆண்டில் எழுதினர். பொதுப்பிரிவு மகளிர் இடத்தில் கடைசியாகத் தேர்வானவரைவிட அதிக மதிப்பெண் பெற்ற பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பெண் வெளியே நிற்கும் நிலை அதற்கு எடுத்துக்காட்டு. உத்தரப் பிரதேசக் காவலர் தேர்வு தொடர்பான வழக்கில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அத்தகைய பெண்களுக்குப் பொதுப்பிரிவு மகளிர் இடங்களிலும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது.

தமிழ்நாட்டுக் கலந்தாய்வு

தமிழ்நாட்டில் ஒற்றைச் சாளரப் பொறியியல் கலந்தாய்வு, பல ஆண்டுகள் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் நேரடியாக நடைபெற்றது. தரவரிசைப்படி அழைக்கப்பட்ட மாணவர், திரையில் காலியிடங்களைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். எல்லாக் கல்லூரிகளுக்கும் ஒரே மதிப்பெண் தரவரிசை இருக்கும்போது தள்ளிவைத்த ஏற்பும் இந்த வரிசைத் தேர்வும் ஒரே முடிவையே தரும். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப் மதிப்பெண்ணே இங்கு அந்தத் தரவரிசைக்கு அடிப்படை.

2018ஆம் ஆண்டு முதல் கலந்தாய்வு இணையவழிக்கு மாறியது. சென்னைக்குப் பயணம் செய்யும் செலவும் அலைச்சலும் குறைந்தன. ஆனால் மாணவரின் வேலை வேறு வகையில் மாறியது. நேரடிக் கலந்தாய்வில் அவர் செய்ய வேண்டியது, கண்முன் காலியாக உள்ளவற்றில் பிடித்ததைச் சொல்வது மட்டுமே. இணையவழியில் எவை காலியாக இருக்கும் என்று தெரியாமலே, எல்லா வாய்ப்புகளையும் முன்கூட்டியே வரிசைப்படுத்த வேண்டும். பட்டியல் நீளமாகவும் உண்மையாகவும் இருந்தால் இரண்டிலும் ஒரே இடம்தான் கிடைக்கும். பட்டியல் குறுகியதாக இருந்தால், மதிப்பெண் இருந்தும் அந்தச் சுற்றில் இடமின்றிப் போக நேரிடும்.

கணினிப் பொறியியலிலும் பிற துறைகளிலும்

இணையத்தில் படங்களையும் காணொளிகளையும் விரைவாகக் கொண்டு சேர்க்கும் அகமாய் நிறுவனத்தின் வலையமைப்பு, பயனர் குழுக்களை வழங்கிக் கணினித் தொகுதிகளுடன் இணைக்க இதே வழிமுறையின் ஒரு வடிவத்தைக் கையாள்கிறது என்பதைப் புரூஸ் மேக்ஸ், ரமேஷ் சீதாராமன் ஆகியோர் 2015ஆம் ஆண்டில் விவரித்தனர். இங்கு பயனர் குழுக்கள் மாணவர்களைப் போலவும், தொகுதிகளின் கொள்ளளவு கல்லூரி இடங்களைப் போலவும் அமைகின்றன. உறவினரின் சிறுநீரகம் பொருந்தாத நோயாளிகள் தமக்குள் கொடையாளர்களை மாற்றிக்கொள்ளும் முறையை ராத், சொன்மெஸ், உத்கு உன்வர் ஆகியோர் 2004ஆம் ஆண்டில் வகுத்தனர். இதுபோன்ற விதிகளை வடிவமைக்கும் துறை, மேலாண்மைக் கல்வியில் ‘சந்தை வடிவமைப்பு’ என்ற பெயரில் கற்பிக்கப்படுகிறது.

வரம்புகள்

நிலைத்தன்மைக்கும் ஒரு விலை உண்டு. நியூயார்க் தரவுகளை ஆராய்ந்த அப்துல்காதிரோலு, பராக் பதக், ராத் ஆகியோர், தரவரிசை நிபந்தனையைக் கைவிட்டால் யாருக்கும் இழப்பின்றி 4,000க்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு இன்னும் விருப்பமான பள்ளி கிடைத்திருக்கும் என்று கண்டனர். ஆனால் அப்போது நியாயமான மனக்குறைகள் எழும். இரண்டையும் ஒருசேர முழுமையாகப் பெற முடியாது.

பட்டியலின் நீளத்துக்கு வரம்பு வைத்தாலும் உண்மையின் பாதுகாப்பு குறைகிறது. நியூயார்க்கில் 12 பள்ளிகளே எழுதலாம் என்று இருந்தது. வரம்பு இருக்கும்போது எட்டாத கல்லூரிக்குச் செலவிடும் ஒவ்வொரு வரியும் வேறொரு வாய்ப்பின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மாணவர் மீண்டும் கணக்குப் போட வேண்டியவராகிறார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த வழிமுறையும் புதிய இடங்களை உருவாக்குவதில்லை. இருக்கும் இடங்களைப் பங்கிடுகிறது, அவ்வளவே. தரவரிசையே சமமற்ற பள்ளிக் கல்வியின் விளைவாக இருந்தால், அந்தச் சமமின்மையை அது திருத்தாது.

மாணவர்கள் ஏன் இன்னும் மாற்றி எழுதுகிறார்கள்

அண்மைக்கால ஆய்வுகள் கணிதத்திலிருந்து மனித நடத்தைக்கு நகர்ந்துள்ளன. இஸ்ரேலில் உளவியல் முதுநிலைப் படிப்புக்கான சேர்க்கையில் தள்ளிவைத்த ஏற்பே பயன்படுகிறது. ஒரே படிப்பை உதவித்தொகையுடனும் உதவித்தொகை இல்லாமலும் தனித்தனியே வரிசைப்படுத்தலாம். அவினாத்தன் ஹசிதிம், அசாஃப் ரோம், ரன் ஷோரர் ஆகியோர் ஆராய்ந்தபோது, உதவித்தொகை இல்லாத இடத்தை மேலேயும் உள்ளதைக் கீழேயும் எழுதியவர்கள் கணிசமாக இருந்தனர். பணத்தைக் கேட்டால் வாய்ப்பு குறையும் என்ற அச்சமே இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. ஹங்கேரியில் அரசு கட்டணம் செலுத்தும் இடங்களிலும் இதே தவறு காணப்பட்டது.

பாதுகாப்பான விதி இருந்தால் மட்டும் போதாது. அது பாதுகாப்பானது என்பது பயன்படுத்துபவருக்குப் புரிய வேண்டும். இதை ஷெங்வு லீ 2017ஆம் ஆண்டில் கோட்பாடாக வகுத்தார். அதன்படி, தரவரிசை முறையில் ஒவ்வொருவராக வந்து இருப்பதில் பிடித்ததை எடுத்துக்கொள்ளும் முறை வெளிப்படையாகவே பாதுகாப்பானது. அதையே முன்கூட்டிப் பட்டியலாகக் கேட்டால் மக்கள் அதிகம் தவறு செய்கின்றனர் என்பது அவருடைய சோதனைகளின் முடிவு. பொதுவான நிலையான பொருத்த முறைகள் எதற்கும் இந்த வெளிப்படைத் தன்மை அமையாது என்பதை இதாய் அஷ்லாகியும் யன்னாய் கோன்சரோவ்ஸ்கியும் பின்னர் நிறுவினர். ஆகவே, விதியை எப்படி விளக்குவது என்பதே இப்போது ஓர் ஆய்வுப் பொருளாகியுள்ளது.

சிலியிலும் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரத்திலும் நடந்த ஓர் ஆய்வு 2022ஆம் ஆண்டில் வெளியானது. இடமே கிடைக்காமல் போகும் ஆபத்தைப் பெற்றோரும் மாணவரும் குறைவாக மதிப்பிடுகின்றனர் என்று அது கண்டது. விண்ணப்பிக்கும்போதே அந்த ஆபத்தைக் காட்டி எச்சரித்தபோது, ஆபத்து மிகுந்த பட்டியல் தந்தவர்களில் 22 விழுக்காட்டினர் மேலும் பள்ளிகளைச் சேர்த்தனர். அவர்களுக்கு இடம் கிடைக்காமல் போகும் ஆபத்து 58 விழுக்காடு குறைந்தது.

விருப்பப் பட்டியல் எழுதுவோருக்கு

மேற்கண்ட ஆய்வுகளிலிருந்து, தள்ளிவைத்த ஏற்பு அல்லது ஒற்றைத் தரவரிசை முறையில் விண்ணப்பிக்கும் மாணவருக்குச் சில நடைமுறை முடிவுகள் கிடைக்கின்றன.

1. விருப்ப வரிசை உண்மையான விருப்ப வரிசையாகவே இருக்கட்டும். கடந்த ஆண்டுக் கட்-ஆஃபைப் பார்த்து வரிசையை மாற்றினால் எந்தப் பயனும் இல்லை. இழப்பு மட்டுமே நேரலாம்.
2. கடந்த ஆண்டுக் கட்-ஆஃப் வேறொன்றுக்குப் பயன்படும்: பட்டியல் போதிய அளவு கீழே வரை செல்கிறதா என்று பார்க்க. மேலே எட்டாத கல்லூரிகள் இருப்பதில் தவறில்லை. கீழே உறுதியான கல்லூரிகள் இல்லாததே தவறு.
3. சேர விருப்பமே இல்லாத கல்லூரியை எழுதக் கூடாது. பட்டியலில் உள்ள எதுவும் ஒதுக்கப்படலாம்.
4. சேர்க்கை எந்த விதியில் நடக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். முதல் விருப்பமாக எழுதியவருக்கே முன்னுரிமை தரும் இடங்களில் மேற்கண்ட முதல் அறிவுரை பொருந்தாது.

இந்த நான்காவது முடிவின் பொறுப்பு மாணவரைவிட, சேர்க்கையை நடத்துவோரையே அதிகம் சாரும். விதி நல்லதாக இருந்தும் அது மாணவருக்கு விளக்கப்படாவிட்டால், பாஸ்டனில் நடந்ததைப் போல, விவரம் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் முன்னேயும் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருபவர்கள் பின்னேயும் நிற்பது தொடரும்.